இரண்டாவது வான் எடுக்கலாமா? ஒரு தாயின் கேள்விக்கு

அன்புள்ள அம்மா,

நீங்களும் ஐயாவும் போன கிழமை வந்து கதைத்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் கேள்வி மனதிலேயே நிற்கிறது. ஐயா ஹயருக்கு வான் ஓடுகிறார். மகன் ஓ.எல் எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். உங்கள் நகையை அடைவு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு இன்னொரு வான் எடுத்தால் நாளைக்கு மகனுக்கும் அது பிழைப்பாகும் என்பது ஐயாவின் எண்ணம். எண்ணெய் கிடைக்காத காலம் வந்தால் அந்த வானை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் பயம். அன்றைக்கு வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்ததால் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வான் வேண்டாம்.

உலகத்தில் எண்ணெய் எப்போது தீரும் என்று நாள் குறித்துத் திட்டம் போட முடியாது. அமெரிக்காவில் எண்ணெய் உற்பத்தி 1970 அளவில் உச்சம் தொட்டு இறங்கும் என்று ஹபேர்ட் என்ற புவியியலாளர் 1956இல் கணித்தார். 1970இல் அப்படியே நடந்தது. ஆனால் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவி, 2018இல் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் அதே நாட்டில் எண்ணெய் விலை ஒரு நாள் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. பெரிய நிபுணர்களே தடுமாறும் விஷயம் இது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் எண்ணெய்த் தட்டுப்பாடு வர உலகத்தில் எண்ணெய் தீர வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பொருளாதாரத் தடை வந்தது. 2022இல் கடலில் கப்பல் நின்றது, நாட்டிடம் டொலர் இல்லை. இரண்டு தடவையும் காரணம் வேறு, வீட்டுக்குள் வந்த கஷ்டம் ஒன்றுதான். மூன்றாவது தடவை வேறொரு வாசலால் வரலாம். உலகத்து எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை என்ற ஒடுங்கிய கடல்வழியால்தான் போகிறது.

ஐயாவிடம் ஒரு கொப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். வானுக்கு மாதம் 200 லீற்றர் டீசல் என்று வைப்போம். 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் 121 ரூபாய், ஆக 24,200 ரூபாய். அதே வருஷம் ஜூன் 26ஆம் திகதி லீற்றர் 460 ரூபாய், ஆக 92,000 ரூபாய். ஆறு மாதம்தான் இடைவெளி. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை வந்தபோது ஒரு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மாதத்துக்கு 80, 90 லீற்றர் வரும். ஐயாவின் 200 லீற்றர் ஓட்டத்தில் பாதிகூட இல்லை. லீசிங் தவணையோ பாதி ஓடிய வானுக்கும் முழுதாகவே எழுதப்பட்டிருக்கும். அதோடு அடைவு வைத்த நகைக்கு வட்டி.

இருக்கிற வான் கடன் இல்லாத வான். எண்ணெய் இல்லையென்றால் அதை முற்றத்தில் நிறுத்திவைத்துக் கஞ்சி குடித்துச் சமாளிக்கலாம். கடனில் வாங்கிய வானை நிறுத்திவைக்க முடியாது. 2022இல் என்னிடம் வந்து அழுத தகப்பன்மார் கிட்டத்தட்ட எல்லாரும் இந்த இரண்டாவது வகை. பெற்றோல் செட் கியூவில் மூன்று நாள் படுத்துக் கிடந்துவிட்டு, அந்த உடுப்போடேயே பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைக்க வந்த ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை. மகனை ரியூசனால் நிறுத்தலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நகையை வைத்திருங்கள். மூன்று மாத வீட்டுச் செலவு, மகனின் ஒரு வருஷப் படிப்புச் செலவு, இரண்டையும் வங்கியில் ஒதுக்கிய பிறகுதான் வேறு யோசனை. மகனுக்கு நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஊர் மேடு பள்ளம் இல்லாத ஊர், ரியூசனும் பள்ளிக்கூடமும் ஆறேழு கிலோமீற்றருக்குள் இருந்தால் எந்தத் தட்டுப்பாடும் அவன் படிப்பைத் தொடாது. டீசலைக் கானில் வாங்கி வீட்டில் அடுக்காதீர்கள், அது ஆபத்து.

கூரையில் சோலர் போடுவது பற்றியும் கேட்டீர்கள். கரண்ட் பில் குறையும், நல்லது. ஆனால் பற்றரி இல்லாமல் மின்சார சபை லைனோடு மட்டும் சேர்த்த சோலர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்காமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பற்றரி இல்லாமல் கூரை நிறையச் சோலர்த் தகடு வைத்திருந்த வீடுகளும் இருட்டில்தான் இருந்தன. ஆகவே விற்க வருகிறவரிடம், கரண்ட் போனால் என் வீட்டில் என்ன எரியும் என்று முதலில் கேளுங்கள்.

சரி, மகனின் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு எஞ்சினில் ஆசை. ஓட்டோமொபைல் படித்தால் எதிர்காலம் இல்லை, எல்லாம் மின்சார வாகனம் ஆகிவிடும் என்று யாரோ அவனைக் குழப்பியிருக்கிறார்கள்.

1990இல் நான் பள்ளிக்கூடப் பெடியன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் படித்தோம். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு அண்ணை மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். பெற்றோல் நின்றவுடன் அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர் மண்ணெண்ணெயில் ஓட வைத்துவிட்டார். சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் சில துளி பீச்சி ஸ்டார்ட் பண்ணினால், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சைக்கிள் திருத்தினார். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ பாட வைத்தார். அவர் கடையில் ஒரு நாளும் ஆள் குறையவில்லை. எண்ணெய் மாறியது, அவருடைய கைத்தொழில் கூடவே மாறிக்கொண்டு போனது.

உங்கள் மகனும் அப்படிப் படிக்கட்டும். மின்சார வாகனத்துக்கும் பிரேக், சஸ்பென்சன், ஸ்டியரிங், ஏசி எல்லாம் இருக்கும். கூடுதலாக உயர் அழுத்த மின்சாரம் இருக்கும், அதைப் பாதுகாப்பாகத் தொடத் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் குறைவு. ஓட்டோமொபைலோடு மின்னியலையும் இறுக்கிப் பிடித்தால் இரண்டு காலத்துக்கும் ஆளாவான்.

வழிகள் இரண்டு. கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக வந்தால் ஏ.எல் கணிதப் பிரிவு. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. கணிதம் இழுபறி, கைவேலை வடிவாக வரும் என்றால் தொழில்நுட்பப் பிரிவு, அல்லது நேரே என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ். அதே அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பமும் மின்னியலும் இருக்கின்றன. ஊருக்குள்ளே என்றால் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி. என்.வி.கியூ நான்காம் தரத்தோடு நின்றுவிடாமல் ஐந்து, ஆறு என்று ஏற வேண்டும். மூன்று மாத சோலர் கோர்ஸ் என்று விளம்பரம் வந்தால் காசு கட்டாதீர்கள். முதலில் முறையான வயரிங், அதன்பிறகு சோலர். தகடு பூட்டுகிற வேலை ஒரு நாளில் முடியும், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டர் பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவனைத்தான் ஊர் பத்து வருஷம் தேடும்.

வேலை எங்கே என்று ஐயா கேட்பார். ஏ9 வீதியில் பளைப் பக்கம் போகும்போது நிற்கிற காற்றாலைகளைக் காட்டுங்கள். எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த மின்னமைப்பு போட்டிருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் இந்திய உதவியோடு அப்படியொன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினைச் சூரிய ஒளிக்கு மாற்றுவதும் இதே வேலைதான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது எங்கள் தோட்டக்காரரும் கடற்தொழிலாளரும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு மாற்று வழி செய்து கொடுக்கப் படித்த பிள்ளைகள் வேண்டும், அம்மா. வெளிநாட்டுக்கு அனுப்ப மட்டும் நாங்கள் பிள்ளைகளைப் படிப்பிக்கவில்லை.

வளைகுடா வேலையைப் பற்றி மட்டும் ஒரு சொல். எண்ணெய் விலை ஏறினால் அங்கே வேலை கூடும், விழுந்தால் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். போவதென்றால் கையில் தொழிலோடு போகட்டும், கடனோடு போகவேண்டாம்.

ஐயாவோடு சண்டை பிடிக்காதீர்கள். மகனுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்றுதான் அவர் இந்த வானை யோசிக்கிறார். வருகிற சனிக்கிழமை காலை மூன்று பேரும் வாருங்கள். மகனின் பத்தாம், பதினோராம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையையும், ஐயாவின் டீசல் கணக்குக் கொப்பியையும், லீசிங்காரர் கொடுத்த தவணைத் தாளையும் எடுத்து வாருங்கள். கையெழுத்து மட்டும் அதற்கு முன்னர் வைக்கவேண்டாம்.