குடியரசு தினத்தில் படைவீரர்களுக்கு மரியாதை: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அணிவகுப்புக்கு முன் பிரதமர் மலர்வளையம் வைக்கும்போது துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடிக்கிறார்களே, ஏன்? (வாசகர், வேலூர்)

பதில்: அந்த இடம் இந்தியா கேட் அருகிலுள்ள தேசியப் போர் நினைவுச்சின்னம். 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். 1972 முதல் இந்தியா கேட் வளைவின் கீழிருந்த அமர் ஜவான் ஜோதியில் நடந்துவந்த மரியாதை, 2020 முதல் இங்கே நடக்கிறது. முதலில் 'சலாமி சஸ்திர': துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்து நிற்கும். அடுத்து 'ஷோக் சஸ்திர': குழல் தரையைப் பார்க்கும், வீரர்கள் தலை கவிழ்வார்கள். துக்கத்தின் அடையாளம் அது. பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்', இரண்டு நிமிட மௌனம், பிறகு 'ரவுஸ்'. முதலாவது முகாமில் நாள் முடிந்ததைச் சொல்லும் ஊதல், இரண்டாவது துயிலெழுப்புவது. உறங்கியவர் எழுவார் என்பது அதற்குள் இருக்கும் பொருள். அந்த இரண்டு நிமிடமாவது தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் பேசாதிருக்கலாம்!

கேள்வி: மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா அறிவித்தது 2014 ஆகஸ்டில். கொடுத்தது மறு ஜனவரியில். ஏன் தாமதம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: தாமதமல்ல, முறையே அதுதான். வீர விருதுகளை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் அறிவிப்பார்கள். பரம் வீர் சக்ராவையும் அசோக சக்ராவையும் குடியரசு தின விழா மேடையிலேயே குடியரசுத் தலைவர் வழங்குவது மரபு. மற்ற வீர விருதுகள் பெரும்பாலும் குடியரசுத் தலைவர் மாளிகையில்.

கேள்வி: எங்கள் ஊர் ஜவான் வீரமரணம் அடைந்த செய்தி ஜனவரி 25 இரவு வந்தால், மறுநாள் பள்ளிக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா? (ஆசிரியர், சிவகங்கை)

பதில்: கூடாது. குடியரசு தினத்தன்று, அரசு துக்கம் அறிவித்திருந்தாலும், உடல் வைக்கப்பட்டுள்ள கட்டடத்தில் மட்டுமே அரைக்கம்பம். உடலை எடுத்ததும் அங்கும் கொடி உச்சிக்குப் போய்விடும். மற்ற நாட்களிலும் அரசு உத்தரவில்லாமல் பள்ளி தானாக முடிவெடுக்க முடியாது. கொடியேற்றியபின் இரண்டு நிமிடம் மௌனமாக நில்லுங்கள், அதற்குத் தடையில்லை.

உத்தரவு வரும் நாளில் பலர் செய்யும் தவறு, கொடியை நேராகப் பாதிக்கு இழுத்துக் கட்டிவிடுவது. முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டு முழுதாக இறக்குங்கள்.

ஜவானின் பெட்டிமேல் போர்த்தும் கொடியில் காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும். சிதைக்குத் தீ வைக்கும் முன், குழிக்குள் இறக்கும் முன், கொடியை எடுத்துவிடுவார்கள். அது எரியவும் கூடாது, புதையவும் கூடாது.

கேள்வி: டிசம்பர் 7 கொடி நாளுக்கு விடுமுறை உண்டா? (மாணவர், தேனி)

பதில்: இல்லை. 1949 முதல் நிதி திரட்டும் நாள் அது. உங்கள் சட்டையில் குத்தும் சின்னக் கொடியின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை.