பினியன் பேரிங்கை எத்தனை முறைதான் கழற்றுவது?

கேள்வி: தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய ஹைலக்ஸின் பின் டிஃபரன்ஷியலுக்குப் புது கிரௌன் வீலும் (பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனும் (சிறிய பல்சக்கரம்) போடுகிறேன். பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள ஷிம்மை (மெல்லிய உலோக வளையம்) மாற்றும்போதெல்லாம் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றி, இரண்டு புது பேரிங் பாழ். வேறு வழி உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: புது பேரிங்கை ஓரமாக வையுங்கள். கழற்றிய பழைய பேரிங்கையே 'செட்டப் பேரிங்', அதாவது கையாலேயே போட்டுக் கழற்றி அளவு பார்க்கும் பேரிங் ஆக்கலாம். குழி விழுந்திருந்தால் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் 'ஹாஃப் கட்' கடையில் அதே எண்ணில் ஒன்று தேடுங்கள். உள்வளையத்தின் துளையை மட்டும் எமரி ஃபிளாப் வீலால் சுற்றிலும் சீராகத் தேய்க்க வேண்டும். பினியன் தண்டில் கையால் தள்ளினால் இறங்க வேண்டும், அசைத்தால் ஆடக் கூடாது. ஷிம்மில் உட்காரும் முகத்தைத் தேய்த்தால் உயரம் மாறி எல்லாக் கணக்கும் கெடும். தேய்த்த தூளை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள்.

இப்போதே மைக்ரோமீட்டரில் பழையது, புதியது இரண்டின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். புதியது 0.03 மில்லிமீட்டர் உயரம் என்றால், கடைசியில் ஷிம்மில் 0.03 குறைக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பழைய ஷிம்மின் கனத்தில் தொடங்குங்கள். நட்டை இறுக்கும்போது நசுங்கும் உலோகக் குழாயான கிரஷ் ஸ்லீவ் இப்போது வேண்டாம். நட்டைக் கை ஸ்பானரால், ஆட்டம் போய் லேசாக இறுகும்வரை மட்டும் திருகுங்கள். இம்பேக்ட் கன் வைத்தால் பேரிங் போச்சு. அடுத்து பேக்லாஷை (இரு சக்கரப் பற்களுக்கும் இடையிலுள்ள ஆட்டம்) டயல் கேஜில் 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பினியன் நகர்ந்தால் பேக்லாஷும் மாறும், எனவே ஒவ்வொரு ஷிம்முக்கும் இதைத் திரும்பச் செய்யாமல் கிரௌன் வீல் பல்லில் மை பூசி, சுழற்றித் தடம் பார்ப்பது வீண்.

மைத் தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் கிரௌன் வீலிலிருந்து தள்ளி நிற்கிறது, ஷிம் கூட்டுங்கள். அடியில் விழுந்தால் குறையுங்கள். முதலில் 0.1, பிறகு 0.05 மில்லிமீட்டர் என்று நகருங்கள்.

தடம் நடுவில் வந்த பிறகே புது பேரிங்கை அழுத்தி, புது கிரஷ் ஸ்லீவ், புது ஆயில் சீல் போட வேண்டும். அதன்பின் இன்னொரு முறை மை பூசிப் பாருங்கள்.

கேள்வி: பினியன் ஆழம் சரி, ஆனால் தடம் பல்லின் உள்முனைக்கே ஓடுகிறதே?
– வாசகர், பீடோர்

பதில்: ஷிம்மைத் தொடாதீர்கள். கிரௌன் வீலைப் பினியனிலிருந்து சற்று விலக்குங்கள்: ஒரு பக்க அட்ஜஸ்டர் நட்டை எத்தனை பள்ளம் தளர்த்துகிறீர்களோ, மறுபக்கத்தை அத்தனை பள்ளம் இறுக்குங்கள்.