ஆசிரியர் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் ‘மரம்’ என்பதை ‘மயம்’ என்கிறான், எழுத்துக் கூட்டத் திணறுகிறான், ‘வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், அதனால்தான் குழப்பம்’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது, சகோதரி. அப்படியானால் நம் எல்லையோரத்தில் பாதிப் பேர் திக்கித்தான் பேச வேண்டும்!

முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். என் மகளுக்கு ஓராண்டு உச்சரிப்புப் பயிற்சி என்று அலைந்த பிறகுதான் நடுக்காதில் நீர் கோத்திருந்தது தெரிந்தது.

தலைமை ஆசிரியரிடம் வாயால் கேட்டுப் பயனில்லை. சிறப்புக் கல்வியாளரின் மதிப்பீடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். சிறப்புக் கல்வியாளர்கள் பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையத்தின் வழியாகப் பள்ளிக்கு வருவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ எனப்படும், படிக்க எழுதத் திணறும் நிலையையும் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தன் 21 குறைபாட்டு வகைகளுக்குள் சேர்த்திருக்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறியவும் சொல்கிறது. கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள்.

மதிப்பீட்டைத் தமிழில் செய்யச் சொல்வது முக்கியம். படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்று மலையாளத்தில் கேட்டால் பையன் விழிக்கத்தான் செய்வான். அவன் தடுமாறும் இருபது சொற்களை எழுதி, பேசுவதைக் கைபேசியில் பதிந்து எடுத்துப் போங்கள்.