கையில் கட்டிய பீங்கான்

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் என் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு சீக்கோ வாட்ச் வாங்கி வந்தான். டயல் அசல் பீங்கானாம், அரிதா என்கிற ஊரில் செய்ததாம். "காபி கோப்பையைக் கையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறப் போகிறீர்களா?" என்று வீட்டில் கேலி. பயந்துபோய் பீரோவில் வைத்துவிட்டேன். உண்மையிலேயே உடைந்துவிடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: முதல் வேலையாக பீரோவிலிருந்து வெளியே எடுங்கள் ஐயா. காபி கோப்பை ஏன் உடைகிறது? தரையில் விழுகிறது, இல்லையென்றால் தேய்க்கும்போது குழாயில் இடிக்கிறது. உங்கள் டயலை எதுவும் தொட முடியாது. மேலே கண்ணாடி, சுற்றிலும் ஸ்டீல் கூடு, கீழே இயந்திரம். தவிர, இது சாப்பாட்டுத் தட்டு செய்யும் சாதாரண மண்ணும் இல்லை. வழக்கமான பீங்கானைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வலுவான ஒரு கலவையை அரிதாவில் உருவாக்கிய பிறகுதான் இவ்வளவு மெல்லிய டயலே சாத்தியமானது என்று சீக்கோ சொல்கிறது.

செய்கிற விதத்தைக் கேட்டால் இன்னும் தைரியம் வரும். அச்சில் வார்த்துக் காயவைத்து, முதலில் சுமார் 1300 டிகிரியில் சுடுகிறார்கள். அப்புறம் சுட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் மெருகுப் பூச்சைக் கையாலேயே பூசி இரண்டாவது சூளை. முள் நிற்கிற நடு ஓட்டையையும் தேதி ஜன்னலையும் லேசரில் வெட்டியபின் மூன்றாவது சூளை. இதைச் செய்வது 1830-இல் தொடங்கிய ஷின்காமா என்ற பட்டறை, பொறுப்பு ஹிரோயுகி ஹாஷிகுச்சி என்ற கைவினைஞருடையது. பீங்கான் சுடும்போது சுருங்கும் என்பது குயவர்களுக்குத் தெரியும், அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைச் செய்ய வேண்டும். கொஞ்சம் பிசகினால் முள் ஓட்டை நடுவில் இருக்காது, டயல் வளைந்துவிடும். இத்தனையும் தாண்டி உங்கள் கைக்கு வந்த பொருள் திருச்சி டவுன் பஸ்ஸில் உடையாது.

ஆனால் ஒன்று. கையிலிருந்து நழுவி கிரானைட் தரையில் விழுந்தால் எந்த மெக்கானிக்கல் வாட்சும் தாங்காது. உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சு தலைமுடி மாதிரி மெல்லியது, டயலுக்கு முன்னால் அது போய்விடலாம். டயலில் விரிசல் விழுந்தால் ஒட்டவும் முடியாது, முழுசாக மாற்றத்தான் வேண்டும். என்னிடமும் இதே அரிதா டயல் இருக்கிறது, நான்கு வருடமாகக் கட்டுகிறேன். கட்டுவதும் கழற்றுவதும் கட்டிலில் உட்கார்ந்துதான், நின்றுகொண்டு வாரை மாட்டுவதே கிடையாது. என் முன்னெச்சரிக்கை அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் சங்கிலி வாட்சிலும் வெள்ளைப் பீங்கான் முகப்புதான் இருக்கிறது. அப்படியானால் இதில் என்ன புதுசு? (கும்பகோணம் வாசகி)

பதில்: தாத்தா வாட்சில் இருப்பது அநேகமாகப் பீங்கான் இல்லை, எனாமல். பேச்சு வழக்கில் எல்லோரும் பீங்கான் என்றே சொல்லிவிட்டோம், கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வித்தியாசம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஊறுகாய் ஜாடி மண்ணைச் சுட்டது. நீல விளிம்பு வைத்த பழைய வெள்ளை எனாமல் பேசின் இரும்பின் மேல் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டியது. பேசின் சில்லு போன இடத்தில் கறுப்பாக இரும்பு தெரியுமே, ஜாடி சில்லு போனால் உள்ளேயும் வெள்ளையோ பழுப்போ மண்தான் தெரியும். தாத்தா வாட்ச் பேசின் ஜாதி: பெரும்பாலும் செம்புத் தகடு, அதன்மேல் 800 டிகிரி வாக்கில் உருக்கிய கண்ணாடி. மகன்கள் ஜப்பானிலிருந்து வாங்கி வருவது ஜாடி ஜாதி.

எனாமலை மட்டமாக நினைக்காதீர்கள். 1913-இல் வந்த ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான சீக்கோவின் லாரலுக்கும் எனாமல் டயல்தான். நூறு வருடம் ஆனாலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், பெயின்ட் டயல் மாதிரி மஞ்சளிக்காது. வெயிலுக்கு அசையாத விஷயத்தில் பீங்கானும் அப்படியே. ஆனால் எனாமலில் மயிரிழை விரிசல் சுலபமாக விழும், முக்கியமாக நடு ஓட்டையைச் சுற்றி. எங்கள் தாத்தா வாட்சை ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது நடுவிலிருந்து 4 மணி எண் வரைக்கும் ஒரு கோடு. முள்ளை அழுத்திப் பொருத்தியதில் போயிருக்கிறது. "ஏற்கெனவே இருந்தது சார்" என்றார். கொடுக்கும் முன் போட்டோ எடுக்காதது என் தப்பு, நீங்கள் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளை டயலுக்கா இவ்வளவு காசு? அச்சடித்த வெள்ளை டயல் வாட்ச் எத்தனையோ கிடைக்கிறதே. (மதுரை வாசகர்)

பதில்: கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் வாங்காதீர்கள், வித்தியாசம் தெரியாமல் காசு போடுவது வீண். தெரிய வேண்டும் என்றால் கடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். தேதி ஜன்னலின் ஓரத்தைக் கவனியுங்கள். தகட்டில் வெட்டிய ஜன்னலாக இருந்தால் ஓரம் கத்தி மாதிரி நறுக்கென்று இருக்கும். பீங்கானில் கடைசிச் சூளையில் மெருகு இளகி ஓரமெல்லாம் உருண்டு, பால் பாத்திரத்தின் விளிம்பில் பால் தேங்கி நிற்பது போல இருக்கும். வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. காலையில் கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல், மாலையில் அரிசி நிறம். நான் மீட்டிங்கில் மணி பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு பார்ப்பது இதைத்தான்.

கதையும் உண்டு. அரிதா ஜப்பானின் கியூஷு தீவில், சாகா மாகாணத்தில் இருக்கிறது. 1616 வாக்கில் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யி சாம்-பியாங் என்ற குயவர் இசுமியாமா மலையில் பீங்கானுக்கான கல்லைக் கண்டுபிடித்தார், ஜப்பானில் பீங்கான் அங்கே தொடங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பக்கத்துத் துறைமுகம் இமாரி வழியாகக் கப்பலேறியதால் ஐரோப்பாவில் அதற்கு இமாரி என்றே பெயர் ஆனது. அந்த மோகத்தில் தாங்களே செய்ய முயன்று ஜெர்மானியர்கள் 1710-இல் மைசென் ஆலையைத் தொடங்கினார்கள். மைசெனும் கடிகார ஊரான கிளாஷூட்டேயும் ஒரே சாக்சனி மாநிலத்தில். கிளாஷூட்டே ஒரிஜினல் கம்பெனி மைசென் பீங்கான் டயலோடும் வாட்ச் செய்திருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் உங்களுக்கு சீக்கோ மலிவாகத் தோன்றும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒரு நாளைக்கு 15 விநாடி வேகமாக ஓடுகிறது. பழுதா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. இந்த டயல்களில் சிலவற்றுக்குள் இருக்கும் 6ஆர்35 என்ற சீக்கோ இயந்திரத்துக்குக் கம்பெனியே நாளொன்றுக்கு 25 விநாடி கூடவோ 15 விநாடி குறையவோ ஓடலாம் என்று எல்லை வைத்திருக்கிறது. சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடச் சரியாக மணி காட்டும், அதில் சந்தேகமே வேண்டாம். முழுதாகச் சாவி ஏறியிருந்தால் சுமார் 70 மணி நேரம் ஓடும், வெள்ளி மாலை கழற்றினால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். நின்றுபோனால் தேதியை மட்டும் இரவு 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் நடுவில் மாற்றாதீர்கள், முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: விசேஷத்துக்குக் கட்டும் டிரஸ் வாட்சைக் கோட்டுக் கைக்கு அடியில்தான் கட்ட வேண்டுமாமே. நான் அரைக்கைச் சட்டைக்காரன். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நானும்தான். அந்த விதி கோட்டுப் போடும் குளிர் ஊர்க்காரர்கள் போட்டது, முழுக்கைக்குள் நுழையட்டும் என்பதற்காக. நம் ஊரில் வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை டயலைவிடப் பொருந்துவது வேறு இல்லை. சிக்கல் தோல் வாரில்தான். மே மாத முகூர்த்தத்தில் இரண்டு மணி நேரம் கட்டினால் உள்பக்கம் ஊறிவிடும், சந்தனக் கறை பட்டால் போகாது. நல்ல வாரை டிசம்பர், ஜனவரிக்கு வைத்துக்கொண்டு, கோடைக்கு ஒரு துணி வார் மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் மூடாமல் ஃபேன் காற்றில் குப்புற வையுங்கள், ஆனால் ஸ்பீக்கர் மேல் வேண்டாம், காந்தம் ஏறி ஒரே நாளில் பல நிமிடம் முன்னால் ஓடிவிடும்.

கேள்வி: பேரனுக்குக் கொடுக்கலாம் என்று புது வாட்சை லாக்கரில் வைக்கப் போகிறேன். ஏதாவது போட்டு வைக்க வேண்டுமா? (கோவை வாசகி)

பதில்: டயலுக்கு ஒன்றும் ஆகாது அம்மா, உள்ளே இருக்கும் எண்ணெய்தான் உறைந்துபோகும், ஓடாமல் கிடந்தாலும் அதற்கு வயசாகும். பேரனுக்கு இப்போது என்ன வயது? பள்ளிக்கூடம் என்றால் அதுவரை நீங்களே கட்டுங்கள், கொடுக்கும் முன் ஒரு சர்வீஸ் பார்த்தால் போதும்.