இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட் விலை ஏறினால் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்? கட்டுப்படியாகாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாமே?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நீங்கள் அநேகமாக இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும். ஒரு ஆட்டமாவது நேரில் பார்த்துவிடும் ஆசையில் ஏதோ ஒரு கிளப்பின் இணையதளத்துக்குப் போயிருப்பீர்கள். முதலில் உறுப்பினர் கட்டணம், அப்புறம் டிக்கெட் விலை, அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததும் மூடிவிட்டிருப்பீர்கள். அதே வாரம் செய்தியில் ரசிகர்கள் பதாகையோடு நிற்பதைப் பார்த்ததும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். தப்பில்லை. என் மச்சானும் வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறார்.

வீட்டிலேயே பார்க்கலாமே என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பார்க்க முடியாது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கே எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. சின்ன கிளப்களின் மைதானங்களுக்கு வரும் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக 1960-களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று மணி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க முடியாதவனுக்கு மிச்சம் இருப்பது வானொலி மட்டும்தான்.

இனி என் கதை. கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பின்னூட்டம் முழுக்க அந்தக் கிளப்பைப் பற்றிய சண்டையாகிவிடும்.

2011-லிருந்து என்னிடம் சீசன் டிக்கெட் இருந்தது, அதாவது பருவம் முழுக்கச் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களுக்கு ஒரே டிக்கெட். ஒரே வரிசை, ஒரே இருக்கை. இடது பக்கம் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது அதே மைதானத்தில் நின்றுகொண்டு ஆட்டம் பார்த்தவர். முதல் இரண்டு வருடம் எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான். மூன்றாவது வருடம் அவர் மனைவி இறந்த மறுவாரமே ஆட்டத்துக்கு வந்தார். "வேற எங்க போறதுன்னு தெரியல" என்றார். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

2021-ல், கொரோனா முடிந்து மைதானங்கள் மறுபடி திறந்தபோது, என் வலது பக்க இருக்கை காலியாகி ஆறு வயது மகளுக்குக் கிடைத்தது. அந்த இருக்கைகள் தானாக மடங்கிக்கொள்ளும் வகை. குழந்தையின் எடைக்கு அது கீழே நிற்காது, உட்கார்ந்தால் காலோடு சேர்த்து மடக்கிவிடும். பெரியவர் என்னை நடுவிலிருந்து எழுப்பி இடம் மாற்றி உட்கார வைத்தார். அவள் சரியாக உட்காரும் வரை இருக்கையின் விளிம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கார்னர் கிக் வந்தால் முன்னால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், இவளுக்கு மைதானம் மறைந்துவிடும். அப்போது இவள் இருக்கை மேல் ஏறி நிற்பாள். அவர் தன் கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலேயே இவள் கோட்டின் தொப்பியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். மூன்று வருடம் இப்படித்தான் நடந்தது. இவள் அவரைத் தாத்தா என்பாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னிடம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

2024 வசந்தத்தில் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் வரிசையை விலை கூடிய வகைக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த வகையில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை விலை கிடையாது. மகளுக்கு நான் கட்டிக்கொண்டிருந்தது 285 பவுண்டு, இனி பெரியவர்களுக்கான 890 பவுண்டு. பெரியவருக்கும் அதே விலை. வேண்டுமென்றால் மேல் அடுக்கில் சலுகை விலையில் இடம் தருகிறோம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேல் அடுக்குக்குப் படிக்கட்டு ஏற அவருடைய முழங்கால் இடம் கொடுக்காது. அதை அவர் தொலைபேசியில் சொன்னாராம். "புரிகிறது ஐயா, ஆனால் கணினியில் வேறு வழி இல்லை" என்று பதில் வந்ததாம்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து நான் இருக்கை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "அப்பா, நான் வரலைன்னா நீங்க மட்டும் போவீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் போனேன். சீசன் டிக்கெட்டை விட்டால் மறுபடி காத்திருப்புப் பட்டியலின் கடைசியில்தான் சேர வேண்டும், அது பல வருடம். அந்தப் பயத்தில்தான் என் ஒருவனுக்கு மட்டும் புதுப்பித்தேன். அந்தப் பயம்தான் கிளப்பின் கையில் இருக்கும் பிடி. "போகாமல் இருக்கலாமே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு கடையில் சோப்பு விலை ஏறினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். கிளப்பை அப்படி மாற்ற முடியாது. விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

'கிளப்புக்கும் செலவு இருக்கிறதே' என்று எழுதப்போகிறவர்களுக்கு: இருக்கிறது, மறுக்கவில்லை. மூன்று பருவத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் 2025-26 பருவம் வரை விதி இருந்தது, அதனால் ஒவ்வொரு பைசாவையும் தேடுகிறோம் என்றார்கள். சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 பேர் கொள்ளும் மைதானம், பருவத்துக்குச் சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 பவுண்டு ஏற்றினால் கிடைப்பது 19 லட்சம் பவுண்டு. வாரம் 2 லட்சம் பவுண்டு வாங்கும் ஒரு வீரருக்கு அது பத்து வாரச் சம்பளம்கூட ஆகாது. 2025-லிருந்து நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு டிவி உரிமையை மட்டும் 670 கோடி பவுண்டுக்கு விற்றிருக்கிறது லீக். அவ்வளவு வருகிற இடத்தில், ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் சலுகையிலிருந்துதான் மீதியை எடுக்க வேண்டுமா?

அந்த டிவிக்காரர்கள் காசு கொடுப்பதே நிறைந்த மைதானத்தின் சத்தத்துக்கும் சேர்த்துத்தான். கொரோனாவில் காலி மைதானத்தில் ஆடியபோது பதிவு செய்த கூட்டச் சத்தத்தை ஒளிபரப்பில் சேர்த்தார்களே, நினைவிருக்கிறதா? நாங்கள் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

டிவி என்றதும் இன்னொன்று. சனிக்கிழமை மூன்று மணி என்று அறிவித்த ஆட்டத்தை டிவிக்காக ஞாயிறு மாலைக்கோ திங்கள் இரவுக்கோ தள்ளுவார்கள். நான் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். விடுப்பு கேட்டு மாதக்கணக்கில் முன்னால் எழுதிக் கொடுத்த பிறகு தேதி மாறினால், மாற்றிக் கேட்கப் போகும் என்னை மேற்பார்வையாளர் பொய் சொல்பவனைப் பார்ப்பது போல் பார்ப்பார்.      

இது என் ஒருவன் புலம்பல் இல்லை என்பதற்கும் சொல்கிறேன். 2016 பிப்ரவரி 6, லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் சண்டர்லாந்தோடு ஆடியது. புதிதாகக் கட்டும் ஸ்டாண்டில் (பார்வையாளர் பகுதியில்) அதிகபட்ச டிக்கெட் விலையை 77 பவுண்டு ஆக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். சரியாக 77-ஆவது நிமிடம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தது, அவர்கள் போன பிறகு 2-2 ஆகிவிட்டது. அடுத்த சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆட்டம் நடந்த அன்று இரவு, அவர்கள் வெளியே நடந்த காட்சியைச் செய்தியில் பார்த்து நான் அழுதேன். அது என் கிளப்கூட இல்லை, நாங்கள் ஜென்ம எதிரிகளாக நினைக்கும் கூட்டம்.

அதே வாரம் ஜெர்மனியில் டார்ட்மண்ட் கிளப்பின் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாக உள்ளே வந்து, டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள். அதற்கும் காரணம் டிக்கெட் விலைதான். அங்கே பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. இன்றும் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் இடம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அந்த ஊர்க்காரர்களே கோபப்படும்போது எங்களுக்குக் கோபம் வராதா?

இங்கேயும் நின்று பார்க்கும் வழக்கம் இருந்தது. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் 97 உயிர் போனது, அதன் பிறகு அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. உட்காரும் இடம் வந்ததைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அது பாதுகாப்பு. ஆனால் அதே அறிக்கை, இருக்கை போட்டாலும் விலை எளியவர்களுக்கு எட்டும்படி இருக்க முடியும் என்றும் சொன்னது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று உதாரணமே காட்டியது. பெரியவர்தான் இதை எனக்குச் சொன்னார். "நாற்காலியைப் போட்டாங்க, அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காம விட்டுட்டாங்க" என்றார்.

கத்தினால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. எதிரணியின் மைதானத்துக்குப் போய்த் தங்கள் அணியைப் பார்க்கும் வெளியூர் ரசிகர்களுக்கு பிரீமியர் லீக்கில் 2016-17 பருவத்திலிருந்து 30 பவுண்டுதான் உச்சவரம்பு. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது அது. ஆனால் சொந்த மைதானத்தில் உட்காருபவனுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 2024 நவம்பரில், பருவத்தின் நடுவிலேயே, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளையெல்லாம் 66 பவுண்டு என்று ஆக்கியது. குழந்தைக்கும் 66, ஓய்வூதியக்காரருக்கும் 66. அதைப் படித்தபோது இந்த நோய் எங்கள் கிளப்போடு நிற்கவில்லை என்று புரிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நானும் வெளியிலிருந்து வந்தவன்தான். கடந்த பருவத்தில் என் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு முகங்கள், எல்லோரும் நல்லவர்கள். ஒரு தம்பதி என்னிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒருவரையும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. ஆட்டத்தில் ஒரு தவறான பாஸ் போனால் "போன மாசமும் இவன் இதையேதான் செஞ்சான்" என்று திரும்பிச் சொல்ல ஆள் இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் 3-2 என்று ஜெயித்தோம், கடைசி நிமிட கோல். வீட்டுக்கு வந்து மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். முன்பெல்லாம் என்றால் யார் அடித்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று துளைத்தெடுப்பாள். அன்று "ஓ, சரிப்பா" என்றுவிட்டுக் கணக்குப் பாடத்தைத் தொடர்ந்தாள். விலை என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. கோடையில் நான் புதுப்பிக்கவில்லை.

உங்களுக்கு உபயோகமாக ஒன்று: நேரில் பார்க்க ஆசை என்றால் லீக் ஆட்டத்தை விட்டுவிட்டு, தோற்றால் வெளியேறும் தனிப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப்கள் ஆடத் தொடங்கும் சுற்றுகளைப் பாருங்கள். பல கிளப்கள் அதற்கு விலையைக் குறைக்கும், குழந்தைகளுக்குச் சலுகையும் இருக்கும். இந்த முறை எங்கள் கிளப்புக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் விழுந்தது. பெரியவர்கள் 20 பவுண்டு, குழந்தை 5 பவுண்டு. போன வாரம் மூன்று டிக்கெட் எடுத்தேன். பெரியவருக்கு ஃபோன் செய்தபோது முதலில் எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டார். கீழ் அடுக்குதான், ஏழு படி என்றேன். "அப்ப வரேன்" என்றார். மூன்றும் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. இரண்டு ஒரே வரிசையில், மூன்றாவது அதற்குப் பின்வரிசையில். மகளுக்கு இப்போது பத்து வயது, இருக்கை இனி அவளை மடக்காது. இருந்தாலும் அவர்கள் இருவரும் முன்னால் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.