மூன்று நிமிடம் காத்திருங்கள்: 'தி க்யூர்' புது ஆல்பம், வாசகர் கேள்வி பதில்

2008 அக்டோபருக்குப் பிறகு 'தி க்யூர்' என்ற ஆங்கில ராக் குழு நெடுநாள் புதிதாக ஒரு முழு ஆல்பமும் தரவில்லை. பதினாறு வருடக் காத்திருப்புக்குப் பின் 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. மொத்தம் 8 பாட்டு, 49 நிமிடம். எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி பாட்டைப் பற்றிப் பேசுகின்றன. மீதிப் பாதி, அதை எப்படிக் கேட்பது, எப்படி வாசிப்பது என்று கேட்கின்றன.

கேள்வி: முதல் பாட்டு 'அலோன்' ஆரம்பித்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியும் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவில்லை. என் நண்பன் பொறுமை இல்லாமல் தள்ளிவிட்டுக் கேட்கிறான். இவ்வளவு நீளமான தொடக்கம் தேவையா? (வேளச்சேரி வாசகர்)

தேவைதான். அந்த மூன்று நிமிடத்தை வெட்டினால் மிஞ்சுவது பாதிப் பாட்டுதான். மார்கழிக் கச்சேரியில் ஆலாபனையைத் தவிர்த்துவிட்டு நேராகப் பல்லவிக்கு யாரும் போவதில்லையே! ராகத்தின் முகம் மனதில் பதிந்த பிறகு வரும் முதல் சொல்லுக்குத்தான் அந்தக் கனம் கிடைக்கும். 'அலோன்' செய்வதும் அதையேதான்.

முதல் தடவை கேட்கும்போது ஜேசன் கூப்பரின் டிரம்ஸை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். அவசரமே இல்லாத நடை அது. இரண்டாம் தடவை சைமன் கேலப்பின் பேஸ் கிடார். பின்னணியில் கரகரவென்று ஓடினாலும் அதற்குள் ஒரு தெளிவான மெட்டு இருக்கிறது. மூன்றாம் தடவை ரோஜர் ஓ'டானலின் கீபோர்டு. இந்த மூன்றும் காதில் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், குரல் நுழையும் இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அதற்கு மேல் உங்கள் நண்பர் தள்ளிவிட மாட்டார்.

இன்னொரு விவரம்: எர்னஸ்ட் டவ்சன் என்ற ஆங்கிலக் கவிஞரின் 'ட்ரெக்ஸ்' என்ற சிறு கவிதைதான் இந்தப் பாட்டின் வரிகளுக்குத் தூண்டுதல். டவ்சன் 1900-இல் 32 வயதில் இறந்தவர். கணப்பில் நெருப்பு அணைந்து, கோப்பையில் வண்டல் மட்டும் மிஞ்சிய நிலையைச் சொல்லும் கவிதை. அதைப் படித்துவிட்டுக் கேட்டால் அந்த நீண்ட தொடக்கமே வேறு மாதிரி ஒலிக்கும்.

கேள்வி: பணம் கட்டி ஸ்பாட்டிஃபையில்தான் கேட்கிறேன், ப்ளூடூத் இயர்பட்ஸில். எல்லாம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கிறது. பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்துவிடுகின்றன. ஆல்பமே அப்படித்தானா? (பெரம்பூர் வாசகி)

இல்லை. இந்தக் கோளாறு முழுக்க செட்டிங்ஸில் இருக்கிறது. முதலில் 'கிராஸ்ஃபேட்'டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், 'ஆட்டோமிக்ஸ்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கலப்பு அன்றே தீரும். அடுத்து, பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் 'வால்யூம் நார்மலைசேஷன்'. அதில் 'லவுட்' என்று இருந்தால் ஆப் ஒரு லிமிட்டரைப் போட்டு உச்சங்களை அமுக்கும். நீங்கள் சொல்லும் தட்டைத்தன்மை பெரும்பாலும் இதனால் வருவதுதான். 'நார்மல்' வையுங்கள், அல்லது மொத்தமாக அணைத்துவிடுங்கள். தரம் 'வெரி ஹை' என்றால் நொடிக்கு 320 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.). முழு ஆல்பத்துக்கும் சுமார் 118 எம்.பி. ஆகும். வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்துகொள்ளலாம். 'டவுன்லோடு' தரம் தனி செட்டிங், அதையும் மாற்ற மறந்துவிடாதீர்கள்.

ஷஃபிளை அணைப்பது ரசனைக்காக மட்டும் இல்லை. ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் ஆப் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனியாக அளந்து சமமாக்கிவிடும். மெல்லிய பாட்டும் 'வார்சாங்' மாதிரி இரைகிற பாட்டும் ஒரே சத்தத்தில் வந்து நின்றால், இந்த வரிசையை ஸ்மித் அமைத்ததற்குப் பொருளே இல்லை.

ப்ளூடூத்தில் ஆண்ட்ராய்டு போனும் இயர்பட்ஸும் எல்.டி.ஏ.சி. என்ற ஒலி அனுப்பும் முறையை ஆதரித்தால் அதிகபட்சம் 990 கே.பி.பி.எஸ். கிடைக்கும். ஆனால் 'பெஸ்ட் எஃபர்ட்' என்று விட்டிருந்தால், கூட்டமான மின்சார ரயிலில் சிக்னல் நெரிசலில் அது 330-க்குச் சரிந்துவிடும். ஐபோனில் எல்.டி.ஏ.சி. கிடையாது, ஏ.ஏ.சி. என்ற முறைதான். உட்கார்ந்து கேட்பதாக இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டைப்-சி டாக் டாங்கிளும் (டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு கருவி) சாதாரண வயர் ஹெட்போனும் வாங்குங்கள். வாங்கும்போது 'உள்ளே டாக் சிப் இருக்கிறதா' என்று கேட்டு வாங்க வேண்டும். சிப் இல்லாத வெறும் கன்வெர்ட்டர் பல போன்களில் வேலையே செய்யாது.

கேள்வி: ஆல்பத்தை எல்.பி. தட்டாக வாங்கினேன். டர்ன்டேபிளை ஹோம் தியேட்டரின் ஆக்ஸில் (சாதாரண ஆடியோ துளையில்) சொருகினால் சத்தம் குறைவு, பேஸ் (அடி ஒலி) அறவே இல்லை, 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வேறு. கடைசிப் பாட்டில் 'ஸ' ஓசை எல்லாம் சீறுகிறது. தட்டு பழுதா? (மயிலாப்பூர் வாசகர்)

தட்டைக் கடைக்குத் திருப்பாதீர்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் குறைகள்.

பேஸ் இல்லாததற்குக் காரணம் போனோ ப்ரீஆம்ப் இல்லாதது. தட்டு வெட்டும்போதே அடி ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும்தான் பள்ளம் போடுவார்கள். 20 ஹெர்ட்ஸில் இந்தக் குறைப்பு கிட்டத்தட்ட 20 டெசிபல். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரம் கொள்ளாது. கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருப்பிச் சரிசெய்வது போனோ ப்ரீஆம்பின் வேலை. மேலும் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப்போல நூறு மடங்கு. டர்ன்டேபிளின் பின்புறம் 'போனோ / லைன்' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'லைன்' பக்கம் தள்ளுங்கள், கதை முடிந்தது. இல்லையென்றால் தனியாக ஒரு ப்ரீஆம்ப் பெட்டி வாங்கி நடுவில் சேர்க்க வேண்டும். 'லைன்' பக்கம் வைத்துக்கொண்டே ஆம்பின் 'போனோ' துளையிலும் சொருகினால் இரட்டைத் திருத்தமாகி ஒலி பிளந்து கேட்கும். இரண்டில் ஒன்றுதான்.

இரைச்சலுக்கு, ஆடியோ கேபிளோடு வரும் மெல்லிய எர்த் வயரை ப்ரீஆம்பின் திருகில் மாட்டுங்கள். அதன் பிறகும் 'ம்ம்' நின்றபாடில்லை என்றால் பிளக் பாயிண்டைச் சந்தேகப்படலாம். பழைய ஃபிளாட்களில் மூன்றாம் துளைக்கு எர்த் இணைப்பே இல்லாமல் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது இசைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு.

சீறலுக்குக் காரணம், 49 நிமிடமும் ஒரே தட்டில் இருப்பது. ஒரு பக்கத்துக்குச் சராசரி 25 நிமிடம், வழக்கமாக வசதியாகக் கொள்ளும் 20–22 நிமிடத்தைவிட அதிகம். அதனால் கடைசிப் பாட்டு மையத்தை ஒட்டிப் போய்விடுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் தட்டின் விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, மையத்தருகே சுமார் 21 செ.மீ. தான். அதே ஒலியை இரண்டு மடங்குக்கு மேல் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. கடைசிப் பாட்டான 'எண்ட்சாங்' பத்து நிமிடத்துக்கு மேல் நீளம், குரல் வருவதே ஆறு நிமிடம் தாண்டித்தான். குரல் நுழையும் இடமும் ஊசி மிகவும் திணறும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன!

இதை முழுக்கத் தீர்க்க முடியாது, பெருமளவு குறைக்கலாம். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் உள்ள எடையைத் திருகி, கை எங்கும் சாயாமல் தராசு முள்போல் மிதக்கும்படி வையுங்கள். எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, எடையோடு சேர்த்து உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன அளவுக்குத் திருப்புங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 2 கிராம். ஊசி உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டும் அதே எண். பாரம் குறைந்தால் பள்ளத்துக்குக் கேடு வராது என்று நினைத்து 1.5-க்குக் குறைத்துவிடுவார்கள். அப்போதுதான் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுக் குதித்து, சீறலும் தேய்மானமும் சேர்ந்து வரும். கடைசியாக, கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் காகித அளவியான அலைன்மென்ட் புரோட்ராக்டர் ஒன்றை அச்செடுத்து, இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அச்செடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' போடாமல் நூறு சதவீத அளவில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவு தப்பிவிடும்.

கேள்வி: சென்னை வெயிலில், உப்புக் காற்றில் தட்டுகளை எப்படிப் பாதுகாப்பது? தாத்தா காலத்து எச்.எம்.வி. தட்டுகளும் இருக்கின்றன. சேர்த்தே கழுவலாமா? (பல்லாவரம் வாசகர்)

சேர்த்துக் கழுவவே கூடாது. தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. எல்.பி.க்குப் பலர் பயன்படுத்தும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அவற்றில் பட்டால் மேல்பரப்பு கரைந்து பாழாகிவிடும். அவற்றுக்குத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியே போதும். லேபிளில் ஈரம் படாமல் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

எல்.பி.க்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் வாசனையற்ற பாத்திர லிக்விட் மூன்று நான்கு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்கக் கூடாது. கடைசி அலசல் மட்டும் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்க வேண்டும். போர் தண்ணீரில் அலசினால் உப்பு காய்ந்து பள்ளத்தில் வெள்ளையாகப் படியும், பிறகு தட்டு முழுக்கப் படபடவென்று பொரியும்.

வைப்பது எப்போதும் நின்ற நிலையில், சாயாமல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது வளையும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் அலமாரி வேண்டாம். வினைல் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மே மாதம் மூடிய காரின் டேஷ்போர்டில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே காகித உறை இருந்தால் மாற்றிவிட்டுப் பாலித்தீன் உறை போடுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பாக்கெட் வையுங்கள். மழை விட்டதும் ஒருநாள் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

கேள்வி: கல்லூரி பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். இந்த ஆல்பத்தின் பாட்டுகளை எடுத்தால் என் பேஸ் அந்த மாதிரி ஒலிப்பதே இல்லை. ஒலியை மாற்றும் கால்மிதிப் பெட்டி, அதாவது பெடல், எது வாங்குவது? (அண்ணா நகர் வாசகர்)

பெடலுக்கு முன் கையை மாற்றுங்கள். கேலப் விரலால் வாசிப்பவர் இல்லை, பிக் என்ற சிறு தகட்டால் வாசிப்பவர். கெட்டியான பிக், 1 மி.மீ. அளவில் எடுத்துக்கொண்டு, பிரிட்ஜுக்குச் சற்று அருகில், எல்லாம் கீழ்நோக்கியே அடித்துப் பாருங்கள். ஒலி அப்போதே பாதி வந்துவிடும். அடுத்து, அவருடைய மெட்டுகள் பெரும்பாலும் கழுத்தின் மேல்பகுதியில் ஓடும். டி, ஜி தந்திகளில் 7 முதல் 14 ஃபிரெட் வரை முயலுங்கள். கீழே திறந்த ஏ அல்லது ஈ தந்தியைத் தம்பூராபோல் ஒலிக்க விடுங்கள். உங்கள் பேண்டில் கீபோர்டு இல்லையென்றால் இது கட்டாயம், இல்லாவிட்டால் அடித்தளமே காணாமல் போகும்.

பெடல் வரிசை: டியூனர், கம்ப்ரெஸர், டிஸ்டார்ஷன், கோரஸ், கடைசியில் டிலே. கோரஸில் ரேட்டைக் குறைவாக, கடிகார முள்ளில் ஒன்பது மணி நிலையில் வையுங்கள், டெப்த் ஒரு மணி நிலையில். கிடார் கோரஸை பேஸுக்குப் போட்டால் அடி ஒலி கரைந்துவிடும், ஆகவே பேஸுக்கென்றே வரும் மாடல் அல்லது 'மிக்ஸ்' குமிழ் உள்ளது வாங்குங்கள். டிஸ்டார்ஷனுக்கும் அதேபோல் சுத்த ஒலியைக் கலக்கும் 'ப்ளெண்ட்' வேண்டும். அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் மாதிரியான கடைக்கு உங்கள் பேஸையே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

உங்கள் கிடாரிஸ்டுக்கும் ஒரு செய்தி. ஸ்மித் பல பாட்டுகளில் பிடிப்பது ஆறு தந்தி பேஸ். சாதாரண கிடாரின் அதே சுருதி, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. சாதாரண கிடாரின் தந்தியை அவ்வளவு தளர்த்தினால் தொளதொளவென்று ஆடும். ஆக்டேவ் பெடல் போட்டு ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிக்கட்டும். கார்டு பிடித்தால் குழம்பிவிடும்.

கேள்வி: இவர்களுடைய பழைய ஆல்பங்களில் எதிலிருந்து ஆரம்பிப்பது? (தாம்பரம் வாசகி)

1989-இல் வந்த 'டிஸின்டக்ரேஷன்'. புது ஆல்பத்தின் அக்கா அதுதான். முடிந்தால் சி.டி. வடிவத்தைக் கேளுங்கள். இடம் போதாமல் அன்றைய எல்.பி.யில் இரண்டு பாட்டுகளை விட்டுவிட்டார்கள். 'சத்தமாகக் கேட்பதற்காக மிக்ஸ் செய்தது' என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள், அதன்படி செய்யுங்கள். பிறகு 1982-இன் 'போர்னோகிராஃபி', 2000-இன் 'ப்ளட்ஃப்ளவர்ஸ்'. இந்த மூன்றையும் 2002-இல் பெர்லினில் ஒரே மேடையில் முழுமையாக வாசித்தார்கள். துள்ளலான பக்கம் வேண்டுமென்றால் 1985-இன் 'தி ஹெட் ஆன் தி டோர்'.

கேள்வி: 'ஐ கேன் நெவர் சே குட்பை', 'எண்ட்சாங்' இரண்டும் கேட்டு அழுதுவிட்டேன். பின்னணி என்ன? (அடையாறு வாசகி)

முதல் பாட்டு ஸ்மித் தன் அண்ணன் ரிச்சர்டின் மறைவுக்காக எழுதியது. அந்தப் பியானோ மெட்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவதைக் கவனியுங்கள், துக்க வீட்டில் ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பதைப் போல.

'எண்ட்சாங்' நிலாவைப் பற்றியது. 1969-இல் மனிதன் நிலாவில் இறங்கியபோது ஸ்மித்துக்குப் பத்து வயது. அப்பாவோடு வெளியே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஐம்பது வருடம் கழித்து 2019-இல் அதே நிலாவைப் பார்த்தபோது உண்டான பாட்டு இது. 2022 அக்டோபரில் லாட்வியாவின் ரீகா நகரத்தில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில், ஆல்பம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 'அலோன்' பாடித் தொடங்கி, 'எண்ட்சாங்' பாடிக் கச்சேரியின் முக்கியப் பகுதியை முடித்தார்கள்.

பௌர்ணமியன்று மொட்டை மாடிக்குப் போய், பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வயர் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், ஆறாம் நிமிடத்தில் குரல் வரும்போது அழைப்பு எதுவும் குறுக்கே வரக்கூடாது.