நுரையீரல் சிரை வழி மாறிய குழந்தைகள்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: புதுச்சேரியில் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சை வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்.

கடலூர் முதுநகர்: அக்கா, தம்பி பொறந்து இருபது நாள். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து டிஏபிவிசி, மேல் வகைன்னு எழுதியிருக்காங்க. ஹார்ட்ல ஓட்டையும் இருக்காம். ரெண்டு கோளாறா?

இல்லம்மா. அந்த ஓட்டைதான் இப்போ பிள்ளையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. நுரையீரல்ல சுத்தமான ரத்தத்தை நாலு சிரைங்க இதயத்தோட இடது மேலறைக்குக் கொண்டு வரணும். தம்பிக்கு நாலும் வழி மாறி, இதயத்துக்கு மேல இருக்கிற சிரை வழியா வலது பக்கம் போய்ச் சேருது. இதைத்தான் டிஏபிவிசி, மேல் வகைன்னு எழுதியிருக்காங்க. அங்க கலந்த ரத்தம் ஓட்டை வழியா இடது பக்கம் தாண்டினாத்தான் உடம்புக்கே ரத்தம் போகும். ஆபரேஷன்ல, இதயத்துக்குப் பின்னாடி அந்தச் சிரைங்க ஒண்ணு சேர்ற இடத்தைத் திறந்து, இடது மேலறையோட பின்சுவர்ல சேர்த்துத் தைப்பாங்க. நூல் தலைமுடி கனம்தான் இருக்கும். ஓட்டையையும் அடைச்சிடுவாங்க. அதுவரைக்கும் இதயத்தோட வேலையை ஹார்ட்-லங் மெஷின் பார்த்துக்கும்.

பண்ருட்டி: எங்க பாப்பாவுக்கும் இதேதான். கொஞ்சம் எடை ஏறட்டும்னு மாமியார் சொல்றாங்க.

காத்திருக்காதீங்க. எடை ஏறாததே இந்தக் கோளாறாலதான். பால் குடிக்கும்போது நெத்தி வேர்த்து, பாதியிலயே களைச்சுப் போறதைப் பார்த்திருப்பீங்க. சிரை எங்கயாவது நெரிபட்டிருந்தா இன்னும் ஆபத்து. கல்லீரல் பக்கம் இறங்குற வகையில அப்படி அதிகம் வரும். நுரையீரல்ல நீர் கோத்து, பொறந்த கொஞ்ச நேரத்துலயே மூச்சுத் திணறும். எக்ஸ்ரேயில நிமோனியா மாதிரியே தெரியும், அதனால மருந்தை மாத்தி மாத்திப் பார்த்து நாள் போயிடும். ஆக்சிஜன் வெச்சும் ரத்தத்துல அதோட அளவு ஏறலைன்னா எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

வில்லியனூர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களுக்குச் செல்லுமா?

அது தமிழ்நாட்டுக்காரங்களுக்கு. நீங்க புதுச்சேரி, ஆயுஷ்மான் அட்டை இருக்கான்னு பாருங்க தம்பி.

பாகூர்: ஆபரேஷன் முடிஞ்சு பொண்ணு நல்லா இருக்கா, இப்போ ஆறு மாசம். மறுபடி எக்கோ எதுக்கு?

தைச்ச இடமோ சிரையோ சுருங்கலாம். வந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள வரும், வெளியில தெரியாமலே ஆரம்பிக்கும். தேதியைத் தவற விடாதீங்க. வீட்டுல அவ தூங்கும்போது சட்டையைத் தூக்கிட்டு, வயிறு ஏறி இறங்குறதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. இந்த வயசுக்கு 50-ஐத் தொட்டா அதிகம். அடுத்த தேதி வரைக்கும் பார்க்காம அன்னைக்கே கிளம்பிடுங்க.